கூடவே வருவதை மாற்றுவதா, போடும்போதே வேறு எடுப்பதா?

ஒரு ஞாயிறு இரவு ஒன்பதரை இருக்கும், வெள்ளவத்தையில் இருந்து போன் வந்தது. பெரியம்மாவின் பேரன். ஏ லெவல் எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறவன், பொழுது போகாமல் பழைய லேப்டாப் ஒன்றில் டெபியன் போட்டிருந்தான். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸில் ஒரு வகை அது.

“மாமா, கறுப்பு ஸ்கிரீன் மட்டும்தான் வருது.”

“கடைசியா என்ன செய்தனீ?”

“க்னோமைத் தூக்கினனான்.”

“தூக்க முதல் வேற ஒண்டு போட்டனியா?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. “தூக்கிப்போட்டு எக்ஸ்எஃப்சிஇ போடுவம் எண்டு நினைச்சன். இப்ப வைஃபையும் வேலை செய்யேல்ல.”

க்னோம் என்பது டெபியனோடு வழமையாக வரும் டெஸ்க்டொப், அதாவது திரையில் தெரியும் மெனு, ஜன்னல் எல்லாம். அவனுக்கு வேண்டியது எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டொப். அது டெபியனைப் போடும்போதே ஒரு திரையில் பெயரோடு எழுதியிருக்கிறது. ஒரு பெட்டியில் சரி போட்டிருந்தால் போதும். அந்தத் திரையை அவன் எண்டர் தட்டிக் கடந்துவிட்டான். பிறகு, வந்ததைக் கழற்றி வேறு மாட்டப் போய், நடுவழியில் நின்றுவிட்டான்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்த பிறகு இப்படியான போன்கள் எனக்குக் கூடியிருக்கின்றன. விண்டோஸ் 11 ஏற்காத லேப்டாப்பைக் குப்பையில் போட யாருக்கும் மனமில்லை. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் எஸ்எஸ்டி ஒன்று வாங்கி மாட்டி, லினக்ஸ் போட்டுப் பார்க்கிறார்கள். போட்ட மறுநாளே எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “இதோட வந்தது பிடிக்கேல்ல, எப்படி மாத்திறது?” அதற்குப் பதில் மாற்றப் போவது எது என்பதைப் பொறுத்தது. சில சாமான்களை நிறுவும்போதே தெரிவு செய்ய வேண்டும். சிலவற்றை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். சிலவற்றை விட்டுவிடுவதே நல்லது.

ஒரு விஷயம் முதலிலேயே. கட்டளைகளைப் போனில் சொல்லிக்கொடுப்பது போலவே, காதில் விழும்படி தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில்தான் தட்டவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். உதாரணங்கள் பெரும்பாலும் டெபியனில் இருந்து வரும். உபுண்டு, மின்ட் எல்லாம் அதன் வழியில் வந்தவை என்பதால் அங்கும் பெரும்பாலும் பொருந்தும்.

எதை எப்போது

வாடகை வீட்டுக்குப் போகிற மாதிரி நினைத்துப் பாருங்கள். திரைச்சீலையை என்றைக்கும் மாற்றலாம். சமையலறை சிங்கை மாற்றலாம், ஆனால் ஒரு நாள் தண்ணீர் இல்லாமல் இருக்கவேண்டும். அத்திவாரத்தை மாற்ற வேண்டுமென்றால் வீட்டை இடிக்கவேண்டும்.

டிஸ்கை எப்படிப் பிரிப்பது, எந்தக் கோப்பு முறைமை, டிஸ்கைக் கடவுச்சொல்லால் பூட்டுவதா இல்லையா, இவை அத்திவாரம். பிறகு மாற்றவே முடியாது என்றில்லை, வழிகள் இருக்கின்றன. ஆனால் புதிதாக வந்தவர் அதில் கைவைத்தால் கோப்புகளை இழக்கத்தான் வாய்ப்பு அதிகம். டெஸ்க்டொப் சூழல், லொகின் திரை இரண்டும் சமையலறை சிங்க். மாற்றலாம், ஆனால் வரிசை தவறக்கூடாது. பிரவுசர், எடிட்டர், பாட்டுக் கேட்கும் செயலி, கட்டளை தட்டும் டெர்மினல் எல்லாம் திரைச்சீலை. இவற்றுக்காக நிறுவும்போது மூளையைக் குழப்பவே வேண்டாம்.

தெரிவு தொடங்குவது பதிவிறக்கும் பக்கத்தில்

பலருக்கு விளங்காத இடம் இது. நிறுவும்போது தெரிவு செய்யலாம் என்று சொன்னால் நிறுவல் திரையைத்தான் தேடுவார்கள். அதற்கு முதலே, எந்தக் கோப்பை இறக்குகிறோம் என்பதிலேயே பாதித் தெரிவு முடிந்துவிடுகிறது.

டெபியனில் இரண்டு வழி. ஒன்று நெட்இன்ஸ்ட் எனப்படும் சின்னக் கோப்பு, ஏறத்தாழ 700 எம்பி. அடிப்படையை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை இணையத்தில் இருந்து எடுக்கும். எந்த டெஸ்க்டொப் வேண்டும் என்று கேட்பது இதுதான். மற்றது லைவ் கோப்பு. பென் டிரைவில் இருந்தே ஓடவிட்டுப் பார்க்கலாம், பிடித்தால் அப்படியே நிறுவலாம். ஆனால் லைவில் வரும் கலமாரெஸ் என்ற நிறுவி, உள்ளே இருப்பதை அப்படியே டிஸ்க்குக்குப் பிரதியெடுக்கும். டெஸ்க்டொப் எது என்று கேட்காது. அதனால்தான் க்னோம் லைவ், கேடிஇ லைவ், எக்ஸ்எஃப்சிஇ லைவ் என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்கள்.

உபுண்டுவிலும் இதே கதைதான். உபுண்டுவை இறக்கிவிட்டு க்னோமைக் கழற்றி எக்ஸ்எஃப்சிஇ மாட்டுவதை விட, நேரே சுபுண்டுவை இறக்குங்கள். கேடிஇ வேண்டுமானால் குபுண்டு. மின்டிலும் சினமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று பதிப்பு. இலகுவான டெஸ்க்டொப் வேண்டும் என்பவருக்கு நான் முதலில் கேட்பது, “எதை இறக்கினீர்கள்?”

இன்னொரு உதாரணம் ஸ்னாப், மென்பொருளைப் பொதியாகக் கட்டித்தரும் உபுண்டுவின் தனி முறை. உபுண்டு 22.04இல் பயர்பொக்ஸ் ஸ்னாப் பொதியாகத்தான் வருகிறது. சிலருக்கு அது பிடிப்பதில்லை. ஸ்னாப் பயர்பொக்ஸை நீக்கிவிட்டு, மென்பொருள் போடும் வழமையான கட்டளையான ஆப்ட்டில், ஆப்ட் இன்ஸ்டால் பயர்பொக்ஸ் என்று கொடுத்தால் மறுபடி ஸ்னாப்பே வந்து உட்காரும். அந்தப் பெயரில் இருப்பது வெறும் வழிகாட்டிப் பொதி. வாசலால் அனுப்பியது ஜன்னலால் வருகிற கதை. மொஸில்லா 2024 ஜனவரியில் இருந்து தன் சொந்த ஆப்ட் களஞ்சியம் ஒன்றை நடத்துகிறது. அதைச் சேர்த்து, அதற்கே முன்னுரிமை என்று ஒரு கோப்பில் எழுதிவைத்தால் பிரச்சினை தீரும். பயர்பொக்ஸ் மட்டும்தான் கவலையென்றால் அதைச் செய்யுங்கள். ஸ்னாப்பே வேண்டாம் என்றால் உபுண்டுவோடு மல்லுக்கட்டாதீர்கள். 2020இல் வந்த மின்ட் 20இல் இருந்து மின்ட்காரர்கள் ஸ்னாப்பைத் தடுத்தே வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு முதலே வேறு யாரோ அந்தச் சண்டையைப் பிடித்து முடித்திருக்கும்போது நீங்கள் ஏன் மறுபடி பிடிக்கவேண்டும்?

பழைய லேப்டாப் வைத்திருப்போர் ஒன்றைக் கவனியுங்கள். 2025 ஓகஸ்ட் 9 அன்று வந்த டெபியன் 13இல் 32 பிட் இன்டெல் கணினிகளுக்கான நிறுவி இல்லை. மிகப் பழைய நெட்புக் என்றால் முதலில் பிராசஸர் 64 பிட்டா என்று பாருங்கள்.

நிறுவும்போது நிதானிக்க வேண்டிய திரைகள்

நெட்இன்ஸ்டுக்கு இணையம் வேண்டும். டெபியன் 12இல் இருந்து வைஃபைக்கான ஃபேர்ம்வெயர் நிறுவியோடே வருவதால் முன்பு போல் தலைவலி இல்லை. அப்படியும் வைஃபை பிடிக்கவில்லை என்றால் போனை யூஎஸ்பி வயரில் இணைத்து டெதரிங் போடுங்கள். பெரும்பாலும் நிறுவி அதை ஒரு நெட்வேர்க் கார்ட் என்றே நினைத்துக்கொள்ளும். டெஸ்க்டொப்போடு சேர்த்தால் ஜிபி கணக்கில் இறங்கும். உங்கள் டேட்டா பேக்கேஜில் நள்ளிரவுக்குப் பிறகு தனிக் கணக்கு இருந்தால் அந்த நேரம் பார்த்துச் செய்யுங்கள். நான் எப்போதும் அப்படித்தான், தூக்கம் போனாலும் பரவாயில்லை.

முதலில் மொழி. டெபியன் நிறுவியில் தமிழ் இருக்கிறது. வரைகலை நிறுவலை எடுத்தால்தான் அது பட்டியலில் தெரியும், எழுத்துமுறை நிறுவலில் தெரியாது. தமிழில் போடலாமா என்று கேட்டால், போடலாம். ஆனால் இரண்டு சங்கடம். வீட்டு அடைவில் டவுன்லோட்ஸ், டொக்யுமென்ட்ஸ் என்று இருக்கவேண்டியவை தமிழ்ப் பெயரில் உருவாகும். பார்க்க அழகுதான். டெர்மினலில் அந்த அடைவுக்குள் போகத் தமிழில் தட்டவேண்டி வரும்போது அழகு போய்விடும். இரண்டாவது, பிழைச்செய்தி தமிழில் வந்தால் அதை இணையத்தில் தேடிப் பிடிப்பது கஷ்டம். மொழி என்பது திரைச்சீலை, பிறகு எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். புதியவர் என்றால் ஆங்கிலத்தில் தொடங்குங்கள் என்பேன். தமிழ்ப்பற்று இல்லாமல் சொல்லவில்லை.

அடுத்து இடம். ஆங்கிலத்தைத் தெரிவு செய்தால் இலங்கை முதல் பட்டியலில் இருக்காது. அதர் என்பதற்குள் போய், ஆசியாவுக்குள் போய் எடுக்கவேண்டும். எடுத்தால் நேரவலயம் தானாகவே கொழும்பு ஆகிவிடும். அதன்பிறகு லொக்கேல், அதாவது மொழி, தாள் அளவு போன்ற ஊர் வழக்கங்கள், எது என்று கேட்டால் பிரித்தானிய ஆங்கிலத்தை எடுங்கள். அமெரிக்க ஆங்கிலத்தை எடுத்தால் அச்சுத் தாளின் அளவு லெட்டர் என்று வந்து நிற்கும். நம் ஊர் பிரின்டரில் இருப்பதெல்லாம் ஏ4. அச்செடுக்கும்போது ஓரம் வெட்டுப்படுவதற்குக் காரணம் தெரியாமல் ஒரு மாதம் அலைந்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். கண்ணாடியில் பார்த்தால் அவர்தான் தெரிவார்.

கீபோர்ட் கேட்கும்போது அமெரிக்க ஆங்கிலம். இங்கே விளையாட வேண்டாம். தமிழ் கீபோர்டை எடுத்துவிட்டு, அடுத்த திரையில் கடவுச்சொல்லைத் தட்டினால், திரையில் வெறும் புள்ளிகள்தான் தெரியும். நீங்கள் எதைத் தட்டினீர்கள் என்பது உங்களுக்கே தெரியாது. தமிழ் எழுத்தைப் பிறகு ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி வழியாகச் சேர்க்கலாம். ஐபஸ் எம்17என் என்ற பொதியில் தமிழ்99உம் இருக்கிறது, இங்கே அலுவலகங்களில் பழகிய ரெங்கநாதன் தளக்கோலமும் இருக்கிறது.

பிறகு ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்குக் கடவுச்சொல் கேட்கும். இங்கே எதையும் தட்டாமல் வெறுமையாக விட்டுவிடுங்கள். விசித்திரமாகத் தெரியலாம். வெறுமையாக விட்டால் ரூட் கணக்கு பூட்டப்பட்டு, அடுத்து நீங்கள் உருவாக்கும் பயனருக்கே சூடோ உரிமை, அதாவது கட்டளைக்கு முன் சூடோ என்று தட்டி நிர்வாகி வேலை செய்யும் உரிமை, கிடைக்கும். தட்டினால் சூடோ கிடைக்காது. மறுநாள் சூடோ என்று தட்டி, நீங்கள் பட்டியலில் இல்லை என்று கணினி திட்டும்போது, தவறு இந்தத் திரையில்தான் நடந்தது என்று யாருக்கும் நினைவு வராது.

டிஸ்க் பிரிப்பது அத்திவாரம் என்று சொன்னேன். லேப்டாப்பை வெளியே கொண்டுதிரிபவர் என்றால் பூட்டிய எல்விஎம் என்ற தெரிவை இப்போதே எடுங்கள். பஸ்ஸில் லேப்டாப் தொலைந்தால் போனது லேப்டாப் மட்டும்தான், உள்ளே இருக்கும் அடையாள அட்டைப் பிரதிகளும் குடும்பப் படங்களும் அல்ல. நிறுவி டிஸ்க் முழுவதையும் ஒருமுறை எழுதி அழிக்கப் பார்க்கும். புது டிஸ்க் என்றால் அதை ரத்து செய்துவிட்டுத் தொடரலாம். கோப்பு முறைமைக்கு டிஃபோல்ட் ஆன எக்ஸ்ட்4 போதும். ஃபெடோரா 2020இல் இருந்து பிடிஆர்எஃப்எஸ்ஸை டிஃபோல்ட் ஆக்கியிருக்கிறது, அதற்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள். எது என்று தெரியாதவருக்கு எக்ஸ்ட்4தான். உங்கள் கோப்புகள் இருக்கும் ஹோமைத் தனியாகப் பிரிக்கலாம், மறுபடி நிறுவும்போது கோப்புகள் தப்பும். ஆனால் சின்ன டிஸ்கில் நிறுவி தானாகப் பிரித்துக் கொடுக்கும் ரூட் பகுதி (இயங்குதளம் இருக்கும் இடம்) சில வேளை போதாமல் போகும். 128 ஜிபி என்றால் பிரிக்காமல் விடுங்கள்.

அந்த ஒரு திரை

சரி, மருமகன் எண்டர் தட்டிக் கடந்த திரைக்கு வருவோம். டாஸ்க்செல் என்று பெயர். அடிப்படை எல்லாம் இறங்கி, நிறுவல் பாதிக்கு மேல் ஓடியபிறகுதான் வரும். அந்த நேரம் ஆள் தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பார், அல்லது எப்போது முடியும் என்ற பொறுமையின்மையில் இருப்பார். மேலே டெபியன் டெஸ்க்டொப் என்ற வரி. அதற்குக் கீழே க்னோம், எக்ஸ்எஃப்சிஇ, கேடிஇ பிளாஸ்மா, சினமன், மாட்டே, எல்எக்ஸ்கியூடி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி. அதற்கும் கீழே வெப் சேர்வர், எஸ்எஸ்எச் சேர்வர், கடைசியில் வழமையான கருவிகள்.

இங்கே மூன்று பொறி இருக்கிறது.

எழுத்துமுறை நிறுவியில் சரி போடவும் எடுக்கவும் ஸ்பேஸ் பாரைத்தான் தட்டவேண்டும். அம்புக்குறியால் எக்ஸ்எஃப்சிஇ வரிக்குப் போய் எண்டர் தட்டினால் அது தெரிவாகாது. டிஃபோல்ட்டோடு அடுத்த படிக்குப் போய்விடும். நம் ஆள் செய்தது இதுதான். “நான் எக்ஸ்எஃப்சிஇல வச்சுத்தான் தட்டினனான்” என்று சத்தியம் செய்தான். வைத்தது உண்மை, சரி போடவில்லை. வரைகலை நிறுவியில் மௌஸால் தட்டலாம், இந்தப் பிரச்சினை இல்லை.

இரண்டாவது, க்னோமுக்கு ஏற்கனவே சரி போட்டிருக்கும். எக்ஸ்எஃப்சிஇக்குப் போட்டால் மட்டும் போதாது, க்னோமில் இருப்பதை எடுக்கவும் வேண்டும். எடுக்காவிட்டால் இரண்டும் வரும். டேட்டாவும் போகும், மெனுவில் எல்லாமே இரண்டிரண்டாக நிற்கும்.

மூன்றாவது, டெபியன் டெஸ்க்டொப் என்ற வரிக்கு மட்டும் சரி போட்டு, கீழே எதையும் தெரிவு செய்யாமல் விட்டால், டெபியனின் டிஃபோல்ட்டான க்னோமே வந்துவிடும்.

எதை எடுப்பது? 4 ஜிபி ரேமும் அதற்குக் குறைவும் என்றால் எக்ஸ்எஃப்சிஇ அல்லது எல்எக்ஸ்கியூடி. 8 ஜிபியும் எஸ்எஸ்டியும் இருந்தால் க்னோமும் கேடிஇயும் சுகமாக ஓடும். விண்டோஸ் பழகிய அம்மா அப்பாவுக்கு என்றால் சினமன், ஏனென்றால் கீழே இடப்பக்கம் மெனு இருக்கும், தேட வேண்டியதில்லை. இவ்வளவுதான் என் கணக்கு. இணையத்தில் இதற்கு முடிவில்லாத பட்டிமன்றங்கள் நடக்கின்றன, அதற்குள் போகாதீர்கள்.

திரையில் இல்லாத தெரிவு

சில விஷயங்களுக்கு நிறுவி கேள்வியே கேட்பதில்லை. பெரிய உதாரணம் சிஸ்டம்டி. கணினி தொடங்கும்போது முதலில் எழும்பி மற்ற எல்லாவற்றையும் எழுப்புவது இதுதான். 2014 பெப்ரவரியில் டெபியனின் தொழில்நுட்பக் குழு இதை டிஃபோல்ட் ஆக்க முடிவெடுத்தது, 2015இல் வந்த டெபியன் 8இல் அது நடைமுறைக்கு வந்தது. அதையொட்டி நடந்த சண்டை கொஞ்சநஞ்சமல்ல. பிடிக்காதவர்கள் பிரிந்துபோய் டெவுவான் என்று தனியாக ஒன்றைத் தொடங்கி, 2017இல் முதல் பதிப்பை வெளியிட்டார்கள்.

டெபியனை நிறுவும்போது சிஸ்டம்டிக்குப் பதில் வேறொன்று என்று எங்கும் தெரிவு வராது. நிறுவிய பிறகு சிஸ்விஇனிட் கோர் என்ற பொதியைப் போட்டு மாற்ற முடியும். ஆனால் டெஸ்க்டொப்பின் பல பகுதிகள் சிஸ்டம்டியில் சாய்ந்து நிற்கின்றன. ஒன்றை இழுத்தால் நாலு வரும். டெவுவானின் நிறுவியிலோ எந்த இனிட் (இப்படி முதலில் எழும்பும் நிரல்) வேண்டும் என்று ஒரு திரையே இருக்கிறது: சிஸ்விஇனிட், ஓப்பன்ஆர்சி, ரன்இட். கொள்கையாகவே சிஸ்டம்டி வேண்டாம் என்பவர் அங்கே போவதுதான் நேர்வழி. மற்றவர்கள் தொடாமல் விடுங்கள். நான் இத்தனை வருடமாக அதோடுதான் இருக்கிறேன், அது இருப்பதே தெரிவதில்லை.

ஏற்கனவே நிறுவியாயிற்று, இப்போது மாற்றவேண்டும்

இனிச் சொல்லப்போகும் வரிசையை ஒரு தாளில் எழுதி லேப்டாப் மூடியில் ஒட்டினாலும் தப்பில்லை. முதலில் புதியதைப் போடு. பிறகு அதை டிஃபோல்ட் ஆக்கு. ஒரு வாரம் பாவித்துப் பார். அதன்பிறகு பழையதைத் தூக்கு. தூக்காமல் விட்டாலும் குற்றமில்லை.

சின்னச் சாமான்களுக்கு இது ஐந்து நிமிட வேலை. எடிட்டரை எடுத்துக்கொள்வோம். டெபியனில் நானோ வரும், உங்களுக்கு விம் வேண்டும். சூடோ ஆப்ட் இன்ஸ்டால் விம். அவ்வளவுதான், நானோவைக் கொல்ல வேண்டியதில்லை. அடுத்தது சூடோ அப்டேட் ஹைபன் ஆல்டர்னேட்டிவ்ஸ், இடைவெளி, இரண்டு ஹைபன் கொன்ஃபிக், இடைவெளி, எடிட்டர். ஒரு சின்னப் பட்டியல் வரும், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் முன்னுரிமை எண் இருக்கும். நானோவுக்கு 40, விம்முக்கு 30. எண் பெரியது டிஃபோல்ட். அதனால்தான் விம்மைப் போட்டபிறகும் நானோவே திறக்கிறது. பட்டியலில் விம்மின் இலக்கத்தைத் தட்டினால் மாறிவிடும். மனம் மாறினால் அதே கட்டளையால் திரும்பலாம். டெர்மினலுக்கும் இதே வழி. பிரவுசருக்கு டெஸ்க்டொப்பின் செட்டிங்ஸில் டிஃபோல்ட் செயலிகள் என்ற இடத்தையும் பார்க்கவேண்டும்.

டெஸ்க்டொப்பை மாற்றுவது கொஞ்சம் பெரிய வேலை. க்னோம் இருக்கும்போதே சூடோ டாஸ்க்செல் என்று கொடுங்கள். நிறுவும்போது பார்த்த அதே திரை மறுபடி வரும். எக்ஸ்எஃப்சிஇக்குச் சரி போட்டுத் தொடருங்கள், க்னோமில் இருக்கும் சரியை இப்போது எடுக்கவேண்டாம். வழியில் லொகின் திரைக்கு ஜிடிஎம்3ஆ, லைட்டிஎம்மா என்று ஒரு நீலத் திரை கேட்கலாம். லைட்டிஎம் இலகுவானது. தவறி மற்றதை எடுத்தாலும் சூடோ டீபிகேஜி ஹைபன் ரீகொன்ஃபிகர் லைட்டிஎம் என்று கொடுத்தால் அதே கேள்வி மறுபடி வரும். பிறகு வெளியேறி, லொகின் திரையில் செஷன் என்ற சின்னப் படத்தைத் தட்டி, எக்ஸ்எஃப்சிஇயைத் தெரிவு செய்து உள்ளே போங்கள்.

ஒரு வாரம் இருங்கள். வைஃபை, சத்தம், பிரின்டர், மூடியை மூடினால் தூங்குகிறதா, எல்லாவற்றையும் பாருங்கள்.

இனித்தான் நீக்குவது. நீக்க முதல் இரண்டு காரியம். நெட்வேர்க்மேனேஜரைக் கையால் போட்டதாக அடையாளமிடுங்கள்: சூடோ ஆப்ட் ஹைபன் மார்க் மேனுவல் நெட்வேர்க் ஹைபன் மேனேஜர். வைஃபையை நடத்துவது அதுதான். அது டெஸ்க்டொப்போடு துணையாக வந்ததாகவே கணக்கில் இருக்கலாம். டெஸ்க்டொப் போனால், பிறகு செய்யும் துப்புரவில் துணைக்கு வந்ததும் போகும். மருமகனுக்கு வைஃபை போனது இப்படித்தான். வைஃபை இல்லாமல் புது டெஸ்க்டொப்பை இறக்கவும் முடியாது. குழிக்குள் இறங்கியவன் ஏணியையும் மேலே எறிந்துவிட்ட மாதிரி.

இரண்டாவது, ஒத்திகை. சூடோ ஆப்ட் ரிமூவ், நீக்கும் பொதியின் பெயர் என்பவற்றோடு ஹைபன் எஸ் சேர்த்துக் கொடுத்தால் எதையும் நீக்காமல், எவையெல்லாம் போகும் என்று மட்டும் காட்டும். டெபியன் 13இன் ஆப்ட்டில் நீக்கப்படுபவை சிவப்பில் தெரியும். அந்தப் பட்டியலை வாசியுங்கள். உண்மையாகவே வாசியுங்கள், ஒவ்வொரு பெயராக. க்னோம் என்று தொடங்குபவை போவது நியாயம். நெட்வேர்க், கணினியைத் தொடக்கிவைக்கும் கிரப், லினக்ஸின் மையமான லினக்ஸ் இமேஜ், நீங்கள் புதிதாகப் போட்ட டெஸ்க்டொப், இதில் ஒன்றாவது தெரிந்தால் நிறுத்துங்கள்.

பட்டியலை வாசிக்காமல் விடுவது புதியவர்களின் பழக்கம் மட்டுமல்ல. 2021இல் லைனஸ் செபாஸ்டியன் என்ற பிரபல கனடிய யூடியூபர் பொப் ஓஎஸ் லினக்ஸில் ஸ்டீம் என்ற விளையாட்டுச் செயலியை நிறுவப் போனார். பொதியில் இருந்த ஒரு பிழையால், ஸ்டீமைப் போட டெஸ்க்டொப்பையே நீக்கவேண்டும் என்று ஆப்ட் கணக்குப் போட்டது. எச்சரித்தது. தொடரவேண்டுமானால் ‘யெஸ், டூ ஆஸ் ஐ சே’ என்று முழு வசனத்தையும் தட்டச் சொன்னது. அவர் தட்டினார். டெஸ்க்டொப் போய்விட்டது. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பின்தொடரும் கணினிக்காரருக்கே அது நடந்தது. ஒரு மென்பொருள் உங்களிடம் முழு வசனம் தட்டச் சொன்னால் கையை எடுத்துவிட்டு எழும்பிப் போங்கள்.

நீக்கிய பிறகு ஆட்டோரிமூவ் செய்யச் சொல்லி ஒரு வரி வரும். இனி யாருக்கும் தேவையில்லாத துணைப் பொதிகளைத் துப்புரவாக்கும் கட்டளை அது. அதன் பட்டியலையும் அதே கண்ணோடு வாசிக்கவேண்டும். ஓரிரு நூறு எம்பி மிச்சம் பிடிப்பதற்காக அவசரப்பட வேண்டாம். நான் பல கணினிகளில் அதைச் செய்வதே இல்லை.

இன்னும் ஒன்று, கரண்ட். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன நாட்களில், யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டொப் கணினி ஒன்றில் இந்த வேலையைச் செய்தேன். அட்டவணையைப் பார்த்துத்தான் தொடங்கினேன், இறக்கம் மெதுவாக இருந்ததால் நேரம் பிந்திவிட்டது. பொதிகள் பாதி விரிந்த நிலையில் எல்லாம் இருட்டு. கரண்ட் வந்து திறந்தால் ஆப்ட் எதையும் செய்ய மறுத்தது, ஆனால் மருந்தையும் அதுவே சொன்னது: சூடோ டீபிகேஜி, இடைவெளி, இரண்டு ஹைபன் கொன்ஃபிகர், இடைவெளி, ஹைபன் ஏ. பாதியில் நின்றவற்றை அது முடித்துவைத்தது. அதன்பிறகு ஆப்ட் இன்ஸ்டால் ஹைபன் எஃப். அன்றைக்குத் தப்பியது. லேப்டாப் என்றால் பற்றரி நிறைய இருக்கும்போது மட்டும் தொடங்குங்கள்.

கறுப்புத் திரையில் நிற்பவருக்கு

பயப்பட வேண்டாம், உங்கள் கோப்புகள் அங்கேயே இருக்கின்றன. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்துமுறை லொகின் வரும். பெயர், கடவுச்சொல். இணையம் இருந்தால் சூடோ டாஸ்க்செல், வேண்டிய டெஸ்க்டொப், ரீபூட். வைஃபை போயிருந்தால் ரௌட்டரில் இருந்து வயர் இழுங்கள், அல்லது போனை யூஎஸ்பியில் கொடுங்கள். நெட்வேர்க்மேனேஜர் இல்லாதபோது ஐபி முகவரியைக் கையால்தான் எடுக்கவேண்டும். டெபியன் 12 என்றால் டிஎச்கிளையன்ட், 13 என்றால் டிஎச்சிபிசிடி, இரண்டும் சூடோவோடு. எதை எப்போது நீக்கினீர்கள் என்பது வார், லொக், ஆப்ட் என்ற அடைவுக்குள் ஹிஸ்டரி என்ற கோப்பில் திகதியோடு இருக்கும். போன வாரம் என்ன செய்தேன் என்று நினைவில்லாதவர்களுக்கு அது பெரிய உதவி.

மருமகனோடு அன்று இரவு போனில் ஒன்றரை மணித்தியாலம் போனது. அவனுடைய போனிலேயே டெதரிங் போட்டால் என்னோடு கதைத்துக்கொண்டே தட்டுவது கஷ்டம் என்று அம்மாவின் போனை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி, நடுவில் ஹைபனுக்குப் பதில் அண்டர்ஸ்கோர் தட்டி, பதினொரு மணிக்கு எக்ஸ்எஃப்சிஇயின் எலி முகம் திரையில் வந்தது. அவன் ஹோமில் இருந்தது நாலைந்து பாஸ்ட் பேப்பர் பிடிஎஃப்தான். அவற்றை எடுத்துவைத்துவிட்டு, பென் டிரைவில் இருந்து முதலில் இருந்தே போட்டிருந்தால் நாற்பது நிமிடம். நிறுவி ஒரு வாரம்கூட ஆகாத, உள்ளே ஒன்றும் இல்லாத கணினியில் டெஸ்க்டொப் பிடிக்கவில்லை என்றால், மாற்றுவதை விட மறுபடி நிறுவுவது இலகு. ஆறு மாதம் பாவித்த கணினி என்றால் மாற்றுங்கள்.

கடைசியாக, எல்லாம் உங்கள் மனதுக்குப் பிடித்தபடி அமைந்தபிறகு ஆப்ட் ஹைபன் மார்க் ஷோமேனுவல் என்று கொடுங்கள். கையால் போட்டதாகக் கணினி குறித்துவைத்திருக்கும் பொதிகளின் பட்டியல் வரும். அதை ஒரு கோப்பில் சேமித்து, தெரியாத பெயர்களை அழித்துவிட்டு, வேண்டியதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை நிறுவும்போது டாஸ்க்செல் திரையில் எதற்குச் சரி போடுவது, முதல் நாளே எவற்றை இறக்குவது என்பது அதிலேயே இருக்கும். என்னுடைய பட்டியல் 2019இல் ஒரு பில்லின் பின்பக்கத்தில் தொடங்கியது. இப்போது 61 வரி, பென் டிரைவில் நிறுவிக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது.